உண்மையை வேண்டிய நோயாளி: சிக்மண்ட் ஃபிராய்டு

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல் மாணவி

முன்னுரை

காய்ச்சல் வந்தால் காய்ச்சல் என்கிறோம். காமாலை வந்தால் காமாலை என்கிறோம். பெயரைச் சொல்லவே நாக்குக் கூசும் நோய் ஒன்று உண்டு. அதுதான் புற்றுநோய். வீட்டுத் திண்ணையில் அந்தப் பேச்சு வந்தால் எல்லோருடைய குரலும் தானே தாழ்ந்துவிடும். நோயாளி உள்ளே படுத்திருப்பார். அவர் ஒருவரைத் தவிர மற்ற அனைவருக்கும் செய்தி தெரிந்திருக்கும்.

சென்ற ஆண்டு எங்கள் வீட்டிலும் இதுவே நடந்தது. என் தந்தை விசைத்தறியில் கூலிக்கு ஓட்டுபவர். இரவு ஓட்டத்தில் தூக்கம் வராமலிருக்க வெற்றிலையும் புகையிலையும் மென்று பழகியவர். அவருடைய நாக்கின் ஓரத்தில் ஒரு புண் வந்து ஆறாமல் இருந்தது. சதையைக் கிள்ளி எடுத்துச் சோதித்து, ஆங்கிலத்தில் ஓர் அறிக்கை கொடுத்தார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்தவள் நான் ஒருத்தியே. ஆகவே அந்தத் தாளைப் படிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. படித்தேன். பெரியப்பாவிடம் சொன்னேன். அவர் என்னைத் தனியே அழைத்து, அப்பாவிடம் வெறும் வாய்ப்புண் என்றே சொல்லச் சொன்னார். நானும் அப்படியே சொன்னேன். படிக்கத் தெரிந்த ஒரே காரணத்தால் பொய் சொல்ல வேண்டியவள் ஆனேன்.

அந்த வாரத்தில்தான் நம் கல்லூரி நூலகத்தில் சிக்மண்ட் ஃபிராய்டின் வாழ்க்கை வரலாறு என் கைக்குக் கிடைத்தது. உளப்பகுப்பாய்வு என்னும் துறையைத் தோற்றுவித்தவர் அவர் என்று மட்டுமே அதுவரை அறிந்திருந்தேன். அவர் 16 ஆண்டுகள் வாய்ப் புற்றுநோயோடு வாழ்ந்தவர் என்பதை அப்போதுதான் அறிந்தேன். அவருடைய கொள்கைகள் பலவற்றை இன்றைய உளவியலார் ஏற்பதில்லை. அவற்றைப் பற்றி எழுதவும் நான் வரவில்லை. ஒரு நோயாளியாக அவர் எப்படி வாழ்ந்தார் என்பதையே இங்கு எழுதுகிறேன்.

இளமையும் உழைப்பும்

ஃபிராய்டு 1856ஆம் ஆண்டு மே மாதம் 6ஆம் நாள் மொராவியாவில் ஃபிரைபர்க் என்னும் சிற்றூரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அவ்வூர் இன்று செக் நாட்டில் உள்ளது. தந்தை யாக்கோப் கம்பளி வணிகர். வணிகம் நலிந்ததால், மகனுக்கு நான்கு வயதாகும்போது குடும்பம் வியன்னாவில் குடியேறியது. வீட்டில் பிள்ளைகள் பலர், இடமோ குறைவு. ஆயினும் தலைமகன் படிக்க வேண்டும் என்பதற்காக அவருக்குத் தனி அறை கொடுத்தார்கள். மற்றவர்கள் மெழுகுவத்தியில் காலம் தள்ள, அவருக்கு மட்டும் எண்ணெய் விளக்கு! தங்கையின் பியானோ ஓசை படிப்புக்கு இடையூறு என்று அவர் சொன்னதால் பியானோவே வீட்டைவிட்டுப் போயிற்று.

1873இல் வியன்னா பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தார். விலங்கியல் மாணவர்களுக்கு ஒரு செய்தி. மாணவப் பருவத்தில் இவர் திரியெஸ்த் நகரின் ஆய்வு நிலையத்தில் நூற்றுக்கணக்கான விலாங்கு மீன்களை அறுத்துப் பார்த்து, அவற்றின் ஆண் இனப்பெருக்க உறுப்பைத் தேடியவர். பிறகு பேராசிரியர் புரூக்கே என்பவரின் உடலியல் ஆய்வுக்கூடத்தில் நரம்புகளை ஆராய்ந்தார். 1881இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1886இல் மார்த்தா பெர்னேஸ் என்னும் நங்கையை மணந்து ஆறு குழந்தைகளுக்குத் தந்தையானார்.

1899இன் இறுதியில் கனவுகளின் விளக்கம் பற்றிய அவருடைய பெருநூல் வெளிவந்தது. முதலில் அச்சிட்ட 600 படிகள் விற்றுத் தீர எட்டு ஆண்டுகள் ஆயின. அவர் மனம் தளரவில்லை. நாள்தோறும் நோயாளிகளைப் பார்ப்பது, இரவில் எழுதுவது என்று உழைத்தார். அந்த உழைப்புக்குத் துணை என்று அவர் நம்பியது சுருட்டு. நாளொன்றுக்கு இருபது சுருட்டு வரை புகைத்தார். 1890களிலேயே நண்பரான ஒரு மருத்துவர் அதை விடும்படி வற்புறுத்தினார். சில காலம் விட்டார், மீண்டும் தொட்டார். இது அவருடைய குறை. பெரியோர் வரலாற்றை எழுதும்போது குறையை மறைப்பது முறையன்று.

1923ஆம் ஆண்டு

1920இல் அவருடைய மகள் சோஃபி நச்சுக் காய்ச்சலால் இறந்தார். அந்தத் துயரம் ஆறுமுன்னே அடுத்த இடி விழுந்தது.

1923 பிப்ரவரியில் தம் வாயின் வலப்பக்கத்தில், தாடையும் அண்ணமும் சேரும் இடத்தில் ஒரு தடிப்பு இருப்பதை ஃபிராய்டு கண்டார். அப்போது அவருக்கு வயது 66. இரண்டு மாதம் ஒருவரிடமும் சொல்லவில்லை. மருத்துவரான அவரே இப்படி என்றால், நம் வீட்டுப் பெரியவர்கள் புண்ணை ஆறு மாதம் மறைப்பதில் வியப்பென்ன? சுருட்டை நிறுத்தச் சொல்லிவிடுவார்கள் என்ற அச்சமும் அவருக்கு இருந்தது.

ஏப்ரலில் ஃபெலிக்ஸ் டாய்ச் என்னும் மருத்துவரிடம் வாயைக் காட்டினார். பார்த்தவுடனே அது முற்றிய புற்றுநோய் என்று டாய்ச்சுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவர் அதைச் சொல்லவில்லை. புகையால் வந்த வெண்படலம்தான், வெட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்றார். உண்மையைச் சொன்னால் ஃபிராய்டின் இதயம் தாங்காது, அல்லது அவர் உயிரை மாய்த்துக்கொள்வார் என்று அஞ்சினார். அன்பினால் சொன்ன பொய்தான் அது. ஆனால் அதன் விளைவைப் பாருங்கள்.

சிறிய வெட்டுத்தானே என்று ஃபிராய்டு வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் ஒரு மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவுக்குச் சென்றார். அறுவையின்போது எதிர்பாராத அளவு இரத்தம் பெருகியது. மருத்துவமனையிலிருந்து தகவல் வந்து மனைவியும் மகள் அன்னாவும் ஓடிப்போய்ப் பார்த்தபோது, ஆடையெல்லாம் இரத்தமாக ஒரு சாதாரண நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். படுக்கை வசதிகூட இல்லை. ஒரு சிறிய அறையில், உடலும் அறிவும் வளர்ச்சி குன்றிய குள்ளமான ஒரு நோயாளியோடு அவரைப் படுக்க வைத்தார்கள். பகலுணவு வேளையில் வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டார்கள். அப்போது மீண்டும் இரத்தம் பீறிட்டது. கூப்பிட வாய் இல்லை. மணியை அடித்தார், மணி பழுதாகிக் கிடந்தது. பக்கத்துப் படுக்கையில் இருந்த அந்தக் குள்ள மனிதர்தாம் எழுந்து ஓடிச் செவிலியரை அழைத்து வந்தார். உலகம் போற்றிய அறிஞரின் உயிரை அன்று காத்தவர், உலகம் ஒரு பொருட்டாக மதிக்காத ஒரு மனிதர்! அன்று இரவு அன்னா வீட்டுக்குப் போக மறுத்துத் தந்தையின் அருகிலேயே விழித்திருந்தார்.

அதே நாட்களில் பேரன் ஹைனர்லேவுக்கும் தொண்டைச் சதையில் அறுவை நடந்திருந்தது. இறந்த சோஃபியின் இளைய மகன் அவன். தன்னால் ரொட்டியின் ஓரத்தைக் கடிக்க முடிகிறது, தாத்தாவால் முடிகிறதா என்று கேட்டானாம் அந்தச் சிறுவன். ஜூன் மாதம் அவன் காசநோயால் இறந்தான். அவனுக்கு நான்கரை வயது. தம் நோய்க்கு அழாத ஃபிராய்டு பேரனுக்காக அழுதார். அவனோடு தம்முள் ஏதோ ஒன்று செத்துவிட்டது என்று பிற்காலத்தில் அவர் நண்பர்களிடம் கூறியதுண்டு.

மறைத்தவர்களும் கண்டுகொண்ட மகளும்

கோடையில் ஃபிராய்டின் நெருங்கிய மாணவர்கள் இத்தாலிய மலைப்பகுதியில் கூடினார்கள். டாய்ச் அவர்களிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். நோயாளியிடம் சொல்வதா, வேண்டாமா என்று அவர்கள் விவாதித்தார்கள். யாருடைய உடலோ அவர் அந்த விவாதத்தில் இல்லை! அன்னாவை ரோம் நகருக்கு அழைத்துப் போய்க் காட்ட வேண்டும் என்பது ஃபிராய்டின் நெடுநாள் ஆசை. அது நிறைவேறட்டும் என்று செய்தியைத் தள்ளிப் போட்டார்கள்.

ஆனால் அன்னாவை ஏமாற்ற முடியவில்லை. ஊர் பிடித்துவிட்டால் ரோமில் இன்னும் சில நாள் தங்கலாமா என்று டாய்ச்சிடம் அவர் பேச்சுவாக்கில் கேட்டார். டாய்ச் பதறிப்போய், அப்படிச் செய்யவே கூடாது என்று உறுதி வாங்கினார். அந்தப் பதற்றமே அன்னாவுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. வாயால் மறைத்தாலும் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்பதை நம் வீடுகளில் நாம் மறந்துவிடுகிறோம்.

ரோமுக்குப் போகும் வழியில் இரயிலிலேயே ஃபிராய்டின் வாயிலிருந்து இரத்தம் கொட்டியது. தந்தையும் மகளும் அதன் பொருளை உணர்ந்தார்கள். ஆயினும் அந்நகரின் கோயில்களையும் சிலைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்து மகிழ்ந்துவிட்டே திரும்பினார்கள்.

வியன்னா திரும்பியபின் உண்மை வெளிப்பட்டது. ஃபிராய்டு நிலைகுலையவில்லை. ஆனால் தம்மிடம் மறைத்ததை அவரால் பொறுக்க முடியவில்லை. டாய்ச்சின் நட்பைப் பின்னர்ப் புதுப்பித்துக்கொண்டாலும், அவரை மறுபடி தம் மருத்துவராக ஏற்கவில்லை. மாணவர்கள் கூடி மறைத்த செய்தி பல ஆண்டுகள் கழித்துத் தெரிய வந்தபோதும், அந்த உரிமையை அவர்களுக்கு யார் கொடுத்தது என்று சினந்தார். எதைத் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது என்று பிறர் தமக்காக முடிவு செய்ததே அவரை நோயைவிட அதிகமாகப் புண்படுத்தியது.

செயற்கை அண்ணம்

1923 அக்டோபரில் ஹான்ஸ் பிக்லர் என்னும் தேர்ந்த அறுவை மருத்துவர் இரண்டு பெரும் அறுவைகளைச் செய்தார். வலப்பக்க மேல்தாடையின் பெரும்பகுதியும் அண்ணத்தின் பெரும்பகுதியும் நீக்கப்பட்டன. வாயும் மூக்கும் ஒரே குகையாயின. இடையில் தடுப்பாகப் பெரியதொரு செயற்கை அண்ணத்தைப் பொருத்தினால்தான் உண்ணவும் பேசவும் முடியும். அது உறுத்தும், புண்ணாக்கும். கழற்றினால் சுருங்கும் தசை மறுபடி மாட்ட விடாது. வீட்டார் அதற்கு அரக்கன் என்றே பெயர் வைத்தனர்.

பேச்சு குழறியது. வலக்காது கேட்காமல் போயிற்று. நோயாளிகள் பேசுவதைக் கேட்பதே அவருடைய தொழில் அன்றோ? அவர் என்ன செய்தார் தெரியுமா? இடக்காதுக்குக் கேட்கும்படி நோயாளிகள் படுக்கும் கட்டிலையும் தம் நாற்காலியையும் இடம் மாற்றிப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். 1924 ஜனவரி தொடக்கத்தில் மீண்டும் வேலையைத் தொடங்கிவிட்டார். மேடையில் பேச முடியாத நிலையில், சொற்பொழிவு வடிவிலேயே ஒரு நூலை எழுதி 1930களின் தொடக்கத்தில் வெளியிட்டார். அவையில் பேச முடியாததைத் தாளில் பேசினார்.

அதன் பின் வந்த ஆண்டுகளில் வெட்டுவதும் சுடுவதுமாக முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள் நடந்தன. சிந்தனை மங்கிவிடும் என்று வலி போக்கும் கடும் மருந்துகளை அவர் மறுத்தார். எப்போதாவது ஆஸ்பிரின் மட்டும் எடுத்துக்கொள்வார். இவ்வளவுக்குப் பின்னும் சுருட்டை முற்றிலும் விட அவரால் முடியவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மனத்தை ஆராய்ந்தவருக்கும் தம் மனத்தை வெல்வது எளிதாக இல்லை.

இரண்டு உடன்படிக்கைகள்

இந்த 16 ஆண்டுகளைக் கடக்க ஃபிராய்டுக்குத் துணை நின்றவை இரண்டு உடன்படிக்கைகள் எனலாம்.

முதலாவது மகளோடு செய்தது. அன்னா ஒருவரே தமக்குச் செவிலியாக இருக்க வேண்டும். செய்ய வேண்டியதை அறுவை மருத்துவரைப் போல் அமைதியாகச் செய்ய வேண்டும். அழுகையும் இரக்கமும் முகத்தில் காட்டக் கூடாது என்பது ஏற்பாடு. ஒருமுறை தந்தையும் மகளும் அரைமணி நேரம் போராடியும் செயற்கை அண்ணத்தை மாட்ட முடியவில்லை. அப்போதும் அன்னா கலங்கவில்லை. இரக்கம் காட்டக் கூடாது என்பது முதலில் எனக்குக் கொடுமையாகத் தோன்றியது. பிறகு புரிந்தது. நோயாளியின் முன் நாம் அழுதால், தம் வலியோடு நம்மையும் தேற்றும் பாரம் அவர் மேல் ஏறிவிடுகிறது.

இரண்டாவது மருத்துவரோடு செய்தது. 1929இல் மாக்ஸ் ஷூர் என்னும் இளைய மருத்துவரை அமர்த்திக்கொண்டபோது ஃபிராய்டு இரு வாக்குறுதிகளைக் கேட்டார். எப்போதும் தம்மிடம் உண்மையையே சொல்ல வேண்டும். காலம் வரும்போது வீணாகத் துன்புற விடக் கூடாது. ஷூர் ஒப்புக்கொண்டார். இருவரும் கைகுலுக்கிக்கொண்டனர். அன்றிலிருந்து நோயைப் பற்றி ஐயமின்றிப் பேச ஃபிராய்டுக்கு ஒரு மனிதர் கிடைத்தார்.

1930இல் அவருடைய தாயார் 95ஆம் வயதில் காலமானார். தாம் முந்திப் போனால் தாய் அந்தச் செய்தியைத் தாங்க மாட்டாரே என்ற அச்சம் ஃபிராய்டை அதுவரை வாட்டியிருந்தது. துயரத்தோடு விடுதலையும் உணர்ந்ததாக அவர் ஒளிக்காமல் எழுதினார். அதே ஆண்டு ஜெர்மனியின் கெதே பரிசு அவருக்குக் கிடைத்தது. அவரால் பயணம் செய்யவோ பேசவோ இயலாததால் ஏற்புரையை அன்னா படித்தார்.

நாடு கடந்த முதியவர்

1938 மார்ச்சில் ஹிட்லரின் படை ஆஸ்திரியாவுக்குள் புகுந்தது. ஃபிராய்டின் நூல்களை நாஜிகள் 1933லேயே பெர்லினில் எரித்திருந்தார்கள். இப்போது அவர் வீட்டையே சோதனையிட்டார்கள். அன்னாவை இரகசியப் போலீசார் ஒரு நாள் பிடித்துச் சென்று, மாலையில் விட்டார்கள். புற்றுநோயைத் தாங்கிய முதியவர் அந்த ஒரு நாளைத்தான் தாங்க முடியாமல் தவித்தார். அதன் பிறகே ஊரைவிட்டுப் போக முழு மனத்தோடு இசைந்தார். 47 ஆண்டுகள் வாழ்ந்த வீட்டைவிட்டு 1938 ஜூன் 4ஆம் நாள் புறப்பட்டு, பாரிஸ் வழியாக இலண்டன் சேர்ந்தார். வியன்னாவில் தங்கிவிட்ட அவருடைய நான்கு சகோதரிகளும் பின்னர் நாஜிக் கொடுமைக்குப் பலியானார்கள். அதை அறியும் முன்பே அவர் இறந்துவிட்டார்.

அந்தச் செப்டம்பரில் பிக்லர் வியன்னாவிலிருந்து வந்து மற்றுமொரு பெரிய அறுவை செய்தார். டிசம்பரில் பி.பி.சி. வானொலிக்காக ஃபிராய்டு சில நிமிடம் பேசினார். அந்தக் கரகரத்த குரல் இன்றும் பதிவாக உள்ளது. 1939இன் தொடக்கத்தில் நோய் மீண்டும் தலைகாட்டியது. இனி வெட்ட இயலாது என்று முடிவாயிற்று. கதிர்வீச்சுச் சிகிச்சை அளித்தார்கள். ஆகஸ்டு முதல் நாள் வரை அவர் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்!

பிறகு புண் அழுகி நாற்றம் எடுத்தது. அவர் உயிராய் வளர்த்த நாயே அந்த வாடை தாங்காமல் அறை மூலையில் ஒதுங்கி நின்றது. ஈ மொய்க்காமல் கட்டிலுக்கு வலை கட்டினார்கள். தோட்டம் தெரியும்படி படிப்பறையில் கட்டிலைப் போட்டுக்கொண்டு படித்தார், பூக்களைப் பார்த்தார். செப்டம்பர் 21ஆம் நாள் ஷூரின் கையைப் பற்றி, பழைய வாக்குறுதியை நினைவூட்டினார். அன்னாவிடமும் இதைக் கூறும்படி சொன்னார். அன்னா மிகுந்த வேதனையோடு இசைந்தார். ஷூர் மார்ஃபின் ஊசி போட்டார். 1939 செப்டம்பர் 23ஆம் நாள் அதிகாலையில், 83ஆம் வயதில், ஃபிராய்டு உறக்கத்திலேயே மறைந்தார். அந்த முடிவு சரியா, தவறா என்று தீர்ப்புச் சொல்ல எனக்கு வயதும் அறிவும் போதா. மறைவாக எதுவும் நடக்கவில்லை என்பதை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன்.

முடிவுரை

இந்த வரலாற்றைப் படித்து முடித்த மறுநாள் இரவு, ஓட்டம் முடிந்து வந்த அப்பா தட்டின் முன் உட்கார்ந்தார். காரம் படாத சோற்றை ஒதுக்கி ஒதுக்கி உண்டார். பிறகு என்னைப் பார்த்து, அந்தத் தாளில் என்னதான் எழுதியிருக்கிறது என்று இரண்டாம் முறையாகக் கேட்டார். முதல் முறை கேட்டபோது நான் பொய் சொன்னதை அவர் அறிந்திருக்கிறார் என்று அவருடைய பார்வையே சொல்லிற்று. தாளை எடுத்து வந்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். என் குரல் நடுங்கியது. அவர் குறுக்கே பேசவில்லை. முடிந்ததும், மருத்துவம் எத்தனை நாள் ஆகும், செலவு என்ன, தறிக்கு யாரை நிறுத்துவது என்று மூன்று கேள்வி கேட்டார். பிறகு இடுப்பிலிருந்த சுருக்குப்பையை எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். பெரியப்பா என்மேல் ஒரு மாதம் கோபமாக இருந்தார். இன்று அவரே அப்பாவைச் சோதனைக்கு அழைத்துச் செல்கிறார்.

அறுவைக்குப் பின் முப்பது நாள் கதிர்வீச்சு நடந்தது. ஒவ்வொரு நாளும் இன்று எத்தனையாவது நாள் என்று அப்பாவே எண்ணிச் சொல்வார். என்ன நடக்கிறது என்று தெரிந்தவரால்தான் எண்ண முடியும். பேச்சு இன்னும் தெளியவில்லை. முழுவதும் குணமாகிவிட்டது என்று இப்போது சொல்லிவிட முடியாது. அதையும் அவர் அறிவார்.

எல்லா நோயாளிக்கும் எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. கேட்க விரும்பாதவரும் இருப்பர். அவரவர் கேட்கும் அளவுக்கு, அவரவர் தாங்கும் வேகத்தில் சொல்லலாம். ஆனால் கேட்பவரிடம் பொய் சொன்னால், அவர் தம் அச்சத்தோடு தனியே விடப்படுகிறார். நம்மில் பலர் நம் வீட்டின் முதல் பட்டதாரிகள் ஆகப்போகிறவர்கள். ஆங்கிலத்தில் வரும் ஒவ்வொரு தாளும் நம் கைக்கே வரும். அந்தத் தாள் யாருடைய உடலைப் பற்றியதோ, அவருக்கே அது உரியது. அதைத் திருத்தாமல் படித்துக் காட்டுவதும், படித்துக் காட்டியபின் எழுந்து போகாமல் அருகிலேயே உட்கார்ந்திருப்பதும் நம் கல்வியின் கடமை என்று கருதுகிறேன்.

இரண்டு மூன்று வாரத்தில் ஆறாத வாய்ப்புண் யாருக்கேனும் இருந்தால் இன்றே மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள். தொடக்கத்தில் கண்டால் குணப்படுத்தக்கூடிய நோய் இது. ஃபிராய்டு இழந்த இரண்டு மாதத்தை நம்மவர் இழக்க வேண்டாம்.